மிலிட்டரி டிஸ்போசல் லாரி: ஏலத்தில் எடுப்பது சுலபம், டி.என். நம்பர் வாங்குவதுதான் பாடு

"ராணுவ ஏலத்தில் எடுத்த ஜிப்ஸி, ஒரு லட்சத்துக்குள், பேப்பர் கிளியர்" என்று போட்டோவோடு வரும் செய்திகளை மதுரைப் பக்கம் வாட்ஸ்அப்பில் பார்க்காதவர்கள் குறைவு. கூடவே சக்திமான் லாரி, ஜோங்கா, ஸ்டாலியன் படங்களும் வரும். பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வருவது நியாயம்தான். சிவிலியன் ஒருவர் ராணுவ லாரி வைத்திருக்கலாமா? பதினைந்து வருட வண்டியை அழிக்கச் சொல்லும் விதி இதற்கும் உண்டா? அதே பச்சை நிறத்தில் ரோட்டில் ஓட்டலாமா?

வைத்திருக்கலாம், சட்டத்தில் தடையில்லை. ஆனால் இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிறவர் முதலில் காகிதத்தைப் பார்க்க வேண்டும், வண்டியை அதன் பிறகுதான். இந்த வரிசையை மாற்றியவர்களின் லாரிகள்தான் தோப்பில் துருப்பிடித்து நிற்கின்றன. அடிப்படையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இந்த வண்டிகள் எங்கிருந்து வருகின்றன?

ராணுவ வண்டிக்கு ஆயுள் கணக்கு உண்டு: இத்தனை வருடம், இத்தனை கிலோமீட்டர். அது முடிந்தாலோ, பழுது பார்க்கும் செலவு கட்டுப்படியாகாமல் போனாலோ, வண்டியைக் கழித்துவிடுவார்கள். மெக்கானிக்குகள் 'கண்டம் பண்ணின வண்டி' என்பது இதைத்தான். நம் ஊர்களில் கண்ணில் படுபவை மூன்று வகை.

1. ஜீப் வகை: மஹிந்திரா ஜீப், ஜோங்கா, மாருதி ஜிப்ஸி. ஜோங்கா, நிசான் கம்பெனியின் உரிமம் பெற்று ஜபல்பூரில் செய்தது. 3,956 சி.சி., ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். ஜிப்ஸியில் இருப்பது 1,298 சி.சி. பெட்ரோல் இன்ஜின்.

2. ஒரு டன் வகை: நிசான் கேரியர். ஜோங்காவின் இன்ஜின் குடும்பமேதான், உடம்பு மட்டும் பெரியது.

3. லாரி வகை: ஜெர்மனியின் எம்.ஏ.என். உரிமத்தில் 1950களின் இறுதியில் ஜபல்பூரில் தொடங்கி 1990களின் நடுப்பகுதி வரை செய்த சக்திமான், டாடாவின் இரண்டரை டன் 713, அசோக் லேலண்டின் ஸ்டாலியன். மூன்றிலும் முன் சக்கரத்துக்கும் இழுவை உண்டு.

தேனி, போடி பக்கம் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நான்கு சக்கர இழுவையின் அருமையை விளக்க வேண்டியதில்லை. அந்த ஜீப்புகள் பிழைப்புக்கு ஓடுபவை. இங்கே பேசுவது ஆசைக்கு வாங்கி, கைப்பட ரிப்பேர் பார்த்து, ஓட்டி, பாதுகாத்து வைப்பதைப் பற்றி. சக்திமான் போன்ற வண்டிகள் இனிமேல் உற்பத்தியாகப் போவதில்லை. ஒவ்வொரு வருடமும் இருப்பதில் சில உலைக்குப் போகின்றன. நாலு பேர் பொறுப்பாக எடுத்துப் பராமரித்தால்தான் அடுத்த தலைமுறை அதை ஓடும் நிலையில் பார்க்க முடியும் என்பதால் இந்த ஆசையை வெட்டிச் செலவு என்று தள்ள முடியாது.

ஏலம்: வண்டியாகவா, இரும்பாகவா?

மத்திய அரசுத் துறைகளின் கழிவுப் பொருள்கள் பெரும்பாலும் எம்.எஸ்.டி.சி. என்ற பொதுத்துறை நிறுவனத்தின் இணையதளம் வழியாக ஏலத்துக்கு வருகின்றன. பதிவு செய்து, முன்பணம் கட்டி, கிடங்குக்குப் போய் வண்டியைப் பார்த்துவிட்டு விலை கேட்க வேண்டும். 'உள்ளது உள்ளபடி, நிற்கும் இடத்தில்' என்பதுதான் நிபந்தனை. எடுத்த பிறகு கியர் பாக்ஸ் உடைந்திருந்தாலும் யாரையும் கேட்க முடியாது. பல நேரம் ஒரு வண்டியைத் தனியாக விற்க மாட்டார்கள். ஐந்து, பத்து சேர்த்து ஒரு லாட். அதனால் தனி ஆள் நேரடியாக எடுப்பது அபூர்வம். இடையில் ஒரு வியாபாரி வருவார்.

எல்லாவற்றையும் தீர்மானிக்கும் கேள்வி இங்கேதான் இருக்கிறது. அந்த லாட் வண்டியாக விற்கப்பட்டதா, கழிவு இரும்பாக விற்கப்பட்டதா? இரும்பாக விற்றதை எந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் பதிவு செய்ய முடியாது. இன்ஜின் ஓடினாலும், பாடி புதிது போல இருந்தாலும் காகிதத்தில் அது இரும்புதான். மலிவு விலைக்கு முக்கால்வாசிக் காரணம் இதுவாக இருக்கும்.

பதினைந்து வருடச் சந்தேகத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மத்திய மோட்டார் வாகன விதி 52ஏ-இன்படி, அரசுத் துறை வண்டிகளுக்கு 15 வருடத்தோடு பதிவு முடிகிறது. அதன் பிறகு அவை பதிவுபெற்ற உடைப்புக் கூடத்துக்குத்தான் போக வேண்டும். முன்பெல்லாம் அரசு அலுவலக ஜீப்பை ஏலம் எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த வழி இப்போது அடைபட்டுவிட்டது. நாட்டின் பாதுகாப்பு, சட்டம் ஒழுங்கு, உள்நாட்டுப் பாதுகாப்புப் பணிகளில் களத்தில் ஓடும் சிறப்பு வாகனங்களுக்கு மட்டும் அந்த விதி விலக்கு தருகிறது. ஆகவே அரசு ஜீப் ஏலத்தையும் ராணுவ ஏலத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஏல அறிவிப்பில் அந்த லாட்டுக்கு என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் கணக்கு.

மோசடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ராணுவச் சீருடைப் படம், அடையாள அட்டைப் படம், கேன்டீன் பில் எல்லாம் அனுப்பி, "டிரான்ஸ்ஃபர் ஆகிவிட்டது, ஜீப்பை அவசரமாக விற்கிறேன், வண்டி கேம்ப்பில் நிற்கிறது, டிரான்ஸ்போர்ட் செலவை மட்டும் அனுப்புங்கள்" என்று கேட்பவர் ராணுவ வீரர் இல்லை. ராணுவம் எந்த வண்டியையும் ஒரு சிப்பாயின் செல்போன் வழியாக விற்பதில்லை. ராணுவத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்கள் நிறைந்த ஊர்களில் இந்த மோசடி எடுபடக் காரணம், அந்த உடுப்பின் மேல் நம் மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கை. அதைத்தான் இவர்கள் காசாக்குகிறார்கள். வண்டியைத் தொட்டுப் பார்க்காமல் ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம்.

பதிவுச் சங்கிலி

ராணுவ வண்டிக்கு டி.என். நம்பர் இருந்திருக்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, பாதுகாப்புத் துறை தன் வண்டிகளைத் தானே பதிவு செய்துகொள்ள வழி செய்கிறது. மேல்நோக்கிய அம்புக்குறியோடு தொடங்கும் நம்பர் பிளேட் அந்தப் பதிவின் அடையாளம். வண்டி ராணுவத்தின் கையை விட்டுப் போனதும் 60ஆம் பிரிவின் பாதுகாப்பு போய்விடும். எல்லோருக்கும் உள்ளபடி 39, 40ஆம் பிரிவுகளின் கீழ் புதிதாகப் பதிய வேண்டும். மதுரையில் இருப்பவர் முகவரியைப் பொறுத்துத் தெற்கு, வடக்கு, மத்திய ஆர்.டி.ஓ. அலுவலகங்களில் ஒன்றுக்குப் போக வேண்டும். கிடைக்கும் எண் டி.என். 58, 59, 64 என்று தொடங்கும்.

அங்கே கேட்பவை இவை:

1. படிவம் 20-இல் விண்ணப்பம். வண்டி கைக்கு வந்த 7 நாளுக்குள், பயண நாள் நீங்கலாக.

2. படிவம் 21-இல் அசல் விற்பனைச் சான்று. பழைய ராணுவ வண்டிக்கு இதைச் சம்பந்தப்பட்ட ராணுவ அதிகாரியே தர வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 47ஆம் விதி தனியாகச் சொல்கிறது. ஜெராக்ஸ், கலர் பிரிண்ட், வியாபாரி எழுதிக் கொடுத்த ஸ்டாம்ப் பேப்பர் எதுவும் இதற்கு ஈடாகாது.

3. இன்சூரன்ஸ், முகவரிச் சான்று, சாலை வரி.

4. வண்டியை நேரில் கொண்டுவந்து காட்டுதல்.

படிவம் 21-இல் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஏலம் எடுத்தவர் பெயர்தான் இருக்கும். அவர் தன் பெயரில் பதிவு செய்து, பிறகு உங்கள் பெயருக்கு மாற்றிக் கொடுப்பதே நேர்வழி. "நீங்களே நேரடியாகப் போட்டுக்கலாம் சார்" என்று அவர் சொன்னால், அவர் கடக்காத பள்ளத்தை நீங்கள் கடக்க வேண்டும் என்று அர்த்தம்.

நான்காவது பாயின்ட்டில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) வந்ததும் முதலில் சேஸிஸ் நம்பரைக் கேட்பார். வண்டியின் அடிச்சட்டத்தில் குத்தியிருக்கும் அந்த எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்துகள் வெள்ளையாக எழும்பி வரும். அந்தத் தாள்தான் கோப்பில் ஒட்டப்படும். ராணுவ வண்டியில் அந்த இடத்தின் மேல் பெயின்ட் பல பூச்சு ஏறியிருக்கும். பெயின்ட்டைக் கரைக்கும் தின்னர் ஊற்றித் துடைத்து எடுக்க வேண்டுமே தவிர, கிரைண்டரை வைக்கவே கூடாது. கிரைண்டர் பட்ட சேஸிஸ் நம்பர், திருட்டு வண்டியின் சேஸிஸ் நம்பர் போலத்தான் பார்க்கப்படும். எண்ணின் ஒரு எழுத்து படிவம் 21-இல் மாறியிருந்தாலும் வேலை நிற்கும். இன்ஜின் நம்பரிலும் ஒரு சிக்கல் உண்டு. ராணுவப் பட்டறைகளில் பெரிய ஓவர்ஹாலின்போது இன்ஜினையே மாற்றிப் போடுவது வழக்கம். அதனால் காகிதத்தில் ஒரு எண்ணும் வண்டியில் வேறொரு எண்ணும் இருக்க வாய்ப்பு உண்டு. கிடங்கில் வண்டியைப் பார்க்கும் நாளிலேயே பென்சிலும் தாளும் கொண்டுபோய் இரண்டையும் தேய்த்து எடுத்து, காகிதத்தோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் திருத்தித் தர வேண்டியது ராணுவ அதிகாரி. வண்டி மதுரை வந்து சேர்ந்த பிறகு அந்தத் திருத்தத்துக்கு நாயாய் அலைய வேண்டியிருக்கும்.

ஏற்கெனவே வேறு மாநிலத்தில் பதிவான ஜோங்காவோ ஜிப்ஸியோ கிடைத்தால் இந்தப் பாடு பாதியாகக் குறையும். படிவம் 28-இல் தடையில்லாச் சான்று, படிவம் 29, 30-இல் பெயர் மாற்றம், தமிழ்நாட்டு வரி. புதிதாக இறங்குகிறவர்களுக்குப் பத்து, இருபதாயிரம் கூடக் கொடுத்தாவது இப்படிப்பட்ட வண்டியைத் தேடிப் பிடிப்பதுதான் நல்லது.

லாரி என்றால் சட்டத்தின் கண்ணில் சரக்கு வாகனம்

"நான் வாடகைக்கு விடப்போவதில்லை, ஆசைக்கு ஓட்டுகிறேன்" என்பது வாங்குபவரின் நினைப்பு. சட்டம் நோக்கத்தைப் பார்ப்பதில்லை, கட்டமைப்பைப் பார்க்கிறது. சரக்கு ஏற்றுவதற்கென்றே செய்த வண்டி சரக்கு வாகனம். சரக்கு வாகனம் போக்குவரத்து வாகனம். இந்த ஒரு வகைப்பாட்டிலிருந்து வரிசையாகப் பல விளைவுகள் இறங்குகின்றன.

1. எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று): வண்டி எட்டு வருடம் கடந்தால் ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். 15 வருடம் கடந்த கனரக வாகனத்துக்கு 2022 ஏப்ரல் முதல் கட்டணமே 12,500 ரூபாய். 2025-இல் பழைய வண்டிகளுக்கு அதுவும் ஏறியது.

2. பர்மிட்: மொத்த எடை, அதாவது வண்டியும் ஏற்றக்கூடிய சுமையும் சேர்ந்து, 3,000 கிலோவைத் தாண்டினால் பர்மிட் வேண்டும்.

3. லைசென்ஸ்: 7,500 கிலோ வரை கார் லைசென்ஸ் போதும். அந்த எடைக்குள் இருக்கும் போக்குவரத்து வாகனத்தையும் கார் லைசென்ஸில் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது. சக்திமானும் ஸ்டாலியனும் அந்த எடைக்கு மேல். ஹெவி லைசென்ஸ் இல்லாமல் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது.

4. பின்னால் ஆள் ஏற்றுவது: இதை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டில் பெரிய லாரி நின்றால் குலதெய்வம் கோயில் கிடா வெட்டுக்குச் சொந்தபந்தம் எல்லாம் அதில்தான் ஏறப் பார்க்கும். சரக்கு வாகனத்தில் சும்மா ஏறி வந்தவருக்கு இழப்பீடு தர இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002 டிசம்பரிலேயே தீர்ப்பளித்துவிட்டது. வளைவில் ஒருவர் தவறி விழுந்தால் இழப்பீடு முழுக்க வண்டிக்காரர் தலையில்தான். வீடு, நிலம் விற்றுக் கட்ட வேண்டி வரும்.

இதனால்தான் பொழுதுபோக்குக்கு என்றால் ஜிப்ஸி, ஜோங்கா, மஹிந்திரா ஜீப் ஆகியவை சரியான தொடக்கம். இவை ஆள் உட்காரும் சொந்த வாகனமாகப் பதிவாகின்றன. புதுப்பிப்பு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை. 20 வருடம் கடந்த கார், ஜீப்புக்கு 2025 ஆகஸ்ட் முதல் புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய். கூடவே பசுமை வரி. ஆண்டுதோறும் எஃப்.சி. எடுப்பதோடு ஒப்பிட்டால் இது தாங்கக்கூடிய செலவு. சக்திமான்தான் வேண்டும் என்று நிற்பவர், சொந்தத் தொழிலுக்கு லாரி வைத்து எஃப்.சி., பர்மிட் பழகியவராக இருந்தால் இறங்கலாம். மற்றவர்களுக்கு அது மலையைக் கயிறு கட்டி இழுக்கிற வேலை.

பச்சை பெயின்ட்டும் பிற மாற்றங்களும்

பாதுகாப்புத் துறை வண்டி தவிர வேறெந்த வண்டிக்கும் ஆலிவ் பச்சை பூசக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி 121. ராணுவ அழகுக்காகவே வாங்குகிறவர்களுக்கு இது மனசுக்குக் கஷ்டமான செய்திதான். ஆனாலும் பதிவுக்கு முன்னால் நிறத்தை மாற்றியே ஆக வேண்டும். பாலைவன மணல் நிறமோ சாம்பல் நிறமோ பூசலாம். அம்புக்குறி நம்பர் பிளேட், படைப்பிரிவுச் சின்னம், 'ஆர்மி' என்ற எழுத்து எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். இந்த விதியில் நியாயம் இருக்கிறது. சோதனைச் சாவடியில் நிற்கும் போலீஸ்காரர் பச்சை வண்டியைப் பார்த்ததும் அது ராணுவ வண்டியா இல்லையா என்று யோசிக்க வேண்டிய நிலை வரக் கூடாது.

டீசல் இன்ஜின் மாற்றுவது அடுத்த ஆசை. ஜோங்கா லிட்டருக்கு நாலைந்து கிலோமீட்டர்தான் கொடுக்கிறது என்று ஓட்டுபவர்கள் சொல்வார்கள். அதனால் வேறு டீசல் இன்ஜினை இறக்கிவிடத் தோன்றும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அனுமதியில்லாமல் மாற்றினால் 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஏற்கெனவே டீசல் மாற்றிய ஜோங்கா விற்பனைக்கு வந்தால் ஆர்.சி. புக்கில் எரிபொருள் 'டீசல்' என்று ஏறியிருக்கிறதா என்று பார்க்காமல் பேரம் பேச வேண்டாம்.

ஐம்பது வருடம் கடந்த வண்டிகளுக்குத் தனி வழி உண்டு. 2021 ஜூலை விதிகளின்படி, சொந்த உபயோகத்துக்கான, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, அசல் வடிவம் மாறாத வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும். நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். கண்காட்சி, பழைய வண்டிப் பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்ற காரியங்களுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். பழைய வில்லிஸ் ஜீப் வைத்திருப்பவர்களுக்கு இது பொருத்தம். கடைக்குப் போய்வர வண்டி வேண்டும் என்பவர்களுக்கு இல்லை.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

டயர்: வெகுநாள் நின்ற வண்டியின் டயரில் பட்டன் முழுதாக இருக்கும், பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்பு ஓடியிருக்கும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2314 என்றால் 2014-இன் 23ஆம் வாரம். லாரிகளின் சக்கரத்தில் டயரைப் பிடித்து வைப்பது தனி இரும்பு வளையம். அது துருப்பிடித்துச் சரியாக உட்காராமல் காற்றடித்தால் குண்டு போலத் தெறிக்கும். இதில் உயிர் போயிருக்கிறது. ரோட்டோரப் பஞ்சர் கடையில் சைக்கிள் டயருக்கு அடிப்பது போல அடிக்கவிடாமல், இரும்புக் கூண்டுக்குள் வைத்து அடிக்கும் லாரி டயர் கடைக்குக் கொண்டுபோங்கள்.

பெட்ரோல்: இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. கார்புரேட்டர் காலத்து ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம், கார்க் கேஸ்கெட் எல்லாவற்றையும் எத்தனால் தின்றுவிடும். எத்தனால் தண்ணீரையும் இழுக்கும் என்பதால் மாதக்கணக்கில் நின்றால் டேங்க் உள்ளே துருப்பிடிக்கும். ஹோஸ் முழுவதையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுவது முதல் வேலையாக இருக்கட்டும். ஓடாத மாதங்களில் டேங்கை வடித்துவிட வேண்டும். ஓடும் இன்ஜினுக்குப் பக்கத்தில் ஹோஸ் கசிந்தால் வண்டியே எரிந்துபோகும்.

மின்சாரம்: ராணுவ லாரிகளில் 24 வோல்ட். கார் பல்பையும் கார் ஹாரனையும் அப்படியே மாட்டினால் கருகிவிடும்.

நாலு சக்கர இழுவை: தார் ரோட்டில் முன் சக்கர இழுவையைப் போட்டு ஓட்டக் கூடாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தூரம் ஓடுவதில்லை. சேறு, மணலில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். தாரில் வழுக்க இடமில்லாததால் முறுக்கு முழுவதும், முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ஜாயிண்டிலும் ஏறும். அது உடைந்தால் மாற்றுப் பாகம் கிடைப்பது கடினம்.

பாகங்களைப் பொறுத்தவரை ஜிப்ஸிக்குக் கவலையில்லை. எஸ்டீம் காரோடு இன்ஜின் குடும்பம் ஒன்று என்பதால் கிடைத்துவிடும். ஜோங்காவுக்கும் சக்திமானுக்கும் வடநாட்டுக் கழிவுச் சந்தைகளைத் தேட வேண்டும், அல்லது கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் நல்ல லேத்காரரைப் பிடித்துக் கடைந்து வாங்க வேண்டும். புஷ், பின், ஷாஃப்ட் இப்படிச் செய்துவிடலாம். அச்சுக்குள் சக்கரங்களைச் சுழற்றும் கிரவுன் பினியன் பல்சக்கரம் உடைந்தால் அது நடக்காது. அதனால் வாங்கும்போதே அந்தப் பல்சக்கரம் இருக்கும் ஹவுசிங்கின் ஆயிலை வடித்துப் பாருங்கள். விரலில் தேய்க்கும்போது மினுமினுப்பான பொடி ஒட்டினால் சாதாரணத் தேய்மானம். சில்லாக இரும்பு வந்தால் அந்த வண்டி வேண்டாம்.

எங்கே ஓட்டுவது?

"பதிவே வேண்டாம், என் தோப்புக்குள் ஓட்டிக்கொள்கிறேன்" என்பவர்களுக்கு ஒரு தகவல். 39ஆம் பிரிவு, பதிவில்லாத வண்டியைப் பொது இடத்தில் மட்டுமல்ல, 'வேறெந்த இடத்திலும்' ஓட்டக் கூடாது என்றுதான் எழுதியிருக்கிறது. இன்ஜினைப் போட்டுப் பார்ப்பதும் நிறுத்தி வைத்துப் பாதுகாப்பதும் வேறு. ஓட்டுவது வேறு.

பதிவான வண்டிக்கும் எல்லை உண்டு. மேகமலை 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதி. சிறுமலையிலும் காப்புக்காடு இருக்கிறது. வனத்துறை அனுமதியில்லாமல் பொதுச் சாலையை விட்டுக் காட்டுக்குள் டயரை இறக்குவது வனக் குற்றம். கண்மாய்க் கரை எல்லோருக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் அங்கே போகத் தோன்றும். மண் கரையின் மேல் பல டன் லாரி ஏறினால் சக்கரத் தடத்தில் கரை அமுங்கி, ஐப்பசி மழையில் தண்ணீர் முதலில் உடைப்பது அந்த இடத்தைத்தான். கீழே நெல் போட்டிருப்பவர் நம் ஊர்க்காரர். அறுவடை முடிந்த சொந்த வயல், முன்கூட்டிச் சொல்லிக் கேட்டு வாங்கிய நண்பரின் தரிசு, ஊராட்சி அனுமதித்த புறம்போக்கு ஆகிய மூன்றும் போதும். மழைக்குப் பிந்தைய கரிசல் தரிசில் லோ கியரைப் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டினால், அந்த வண்டி எதற்காகச் செய்யப்பட்டது என்பதை வேறெங்கும் போகாமலே பார்த்துவிடலாம். வீடு திரும்பியதும் நாலு பிரேக் டிரம்மையும் கழற்றிச் சேற்றைக் கழுவிக் காயவிடாமல், அடுத்த நாள் கொடைக்கானல் மலைப்பாதையில் ஏற்ற வேண்டாம். இறக்கத்தில் பிரேக் பிடிக்காது.